டயரும் மூடாக்கும்

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் வீடு திருவொற்றியூரில். கண்டெய்னர் லாரிகள் ராப்பகலாக ஓடும் ஊர். பஞ்சர் கடை வாசலில் தேய்ந்த டயர் குவிந்து கிடப்பதைப் பார்க்காத நாள் கிடையாது. மழைக்காலத்தில் அந்த டயரை எப்படித் திருப்பிப் போட்டாலும் உள்வளைவில் ஒரு சொம்புத் தண்ணீராவது நிற்கும். டெங்கு கொசுவுக்கு அது போதும்.

டயரை வெட்டிவிட்டால் தண்ணீர் நிற்க இடமில்லை. அதனால்தான் வெட்டிய துண்டுகளைத் தோட்டத்தில் மூடாக்காகப் போடலாம் என்று நினைத்தேன். மூடாக்கு என்றால், செடியைச் சுற்றி மண் தெரியாமல் சருகு, வைக்கோல் என்று எதையாவது பரப்புவது. மண்ணில் ஈரம் காயாது, களை குறையும். ரப்பர் மக்காது, மழையில் அடித்துப்போகாது. வருஷா வருஷம் போட வேண்டியதும் இல்லை.

முதலில் ஒரு கார் டயரை எடுத்தேன். பக்கவாட்டு ரப்பரைச் சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டு நல்ல கத்தியால் அறுத்துவிட்டேன். விளிம்புக்கு வந்ததும் கத்தி நின்றுவிட்டது. உள்ளே தடித்த எஃகுக் கம்பிக் கட்டு. தரையில் உருளும் பாகத்திலும் கம்பி வலை. ஒரு கம்பி முனை கையைக் கிழித்து, டி.டி. ஊசி போட்டுக்கொண்டேன். பெரிய ஆலைகளில் டயரை அரைத்த பிறகு காந்தம் வைத்து இந்தக் கம்பியை எல்லாம் பிரித்துவிடுவார்கள். வீட்டில் அது நடக்காது. பக்கத்து ஆட்டோக்காரத் தம்பிதான் வழி சொன்னார்: "ரீபட்டன் கடைக்குப் போங்கண்ணே, சுரண்டின ரப்பர் சும்மாவே கிடக்கும்." தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுமுன் பழையதைச் சுரண்டுவார்கள். துருவல் மாதிரி உதிரும், கம்பி இருக்காது. இரண்டு மூட்டை கொண்டுவந்து கத்திரிச்செடி அடியில் இரண்டு அங்குலம் பரப்பினேன்.

மே மாதம் அது. மதியம் கையை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். தோசைக்கல் சூடு! இலை ஓரம் கருகத் தொடங்கியது. நம் ஊர்க் கத்திரி வெயிலுக்குக் கறுப்பு ரப்பர் ஆகாது. இன்னொன்று, டயர் ரப்பரைக் கெட்டிப்படுத்தத் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பார்கள். ரப்பர் சிதையச் சிதையத் துத்தநாகம் மண்ணில் இறங்கும். துளியளவு செடிக்குத் தேவை, மிஞ்சினால் நஞ்சு. சருகு மக்கினால் மண்ணுக்கு உரம். ரப்பர் அப்படி எதையும் தராது. அதனால் கீரைப் பாத்தியில் போடாதீர்கள். காய்கறிக்குப் போடவே போடாதீர்கள்.

அள்ளிய துருவலைப் பாத்திகளுக்கு நடுவே நடைபாதையில் கொட்டினேன். மழையில் சேறு மிதிக்க வேண்டியதில்லை. செடிக்கு இளநீர்க் கடையில் வாங்கிய மட்டையை நறுக்கிப் போட்டேன். கத்திரி துளிர்த்தது. மறுபடி சொல்கிறேன்: ரப்பர் நடக்கிற இடத்துக்கு, மட்டையும் சருகும் வேருக்கு. நடைபாதையிலும் அடுப்பு, குப்பை நெருப்புப் பக்கம் வேண்டாம். ரப்பர் பற்றினால் அணைப்பது பெரும்பாடு.

முழு டயரில் செடி வளர்ப்பது பற்றியும் சொல்ல இருந்தேன், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். போகி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2018 போகியன்று காலை சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களே தடைபட்டன. இந்தத் தடவை உங்கள் தெருவில் யாராவது டயரை உருட்டிக்கொண்டு வந்தால், கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.