புளியரை ஏற்றத்தில் மூன்று ஏர் இன்டேக்

வணக்கம் மக்களே. கோல்டு ஏர் இன்டேக், அதாவது இன்ஜினுக்குச் சூடு குறைந்த காற்றை இழுத்துத் தரும் கிட், போட்டால் வண்டி நன்றாக இழுக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நேற்று நம்ம இசுசு வி-கிராஸ் பிக்கப்பை, அதே 1898 சிசி டர்போ டீசல்தான், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஓபன் கோன், பாக்ஸ் இல்லாமல் பானெட்டுக்குள் திறந்தே இருக்கும் கூம்பு ஃபில்டர். டர்போ விசில் கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும், அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் புளியரை வளைவில் கல் லோடு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோது வண்டியின் சென்சார் அளவுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனரில் இன்டேக் காற்று 61 டிகிரி! வெளியே 33தான். ரேடியேட்டரைத் தாண்டி வரும் அனலை அப்படியே இழுக்கிறது. வண்டியோடு வந்த கம்பெனி ஃபில்டர் பாக்ஸில் அதே வளைவில் 38. இந்த 23 டிகிரி வித்தியாசத்தில் காற்றின் அடர்த்தி 7 சதவீதம் போல குறைந்துவிடும். டர்போவைத் தாண்டி வரும் காற்றைப் பிறகு இன்டர்கூலர் கொஞ்சம் ஆற்றும், சரி, ஆனால் டர்போவுக்கு வேலை கூடுதல்தானே?

அடுத்து மூடிய பாக்ஸ் கிட், 26,500 ரூபாய். அதில் 39 டிகிரி. அட, சொல்ல மறந்துவிட்டேன், மூன்று தடவையும் ஏசியை அணைத்துத்தான் ஓட்டினேன்.

அந்தக் கிட்டோடு வந்த ஹோஸ் கிளிப்பைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு சைஸ் பெரியது. திருகு வழுக்கும் வரை முறுக்கியும் ஹோஸ் கையோடு சுற்றுகிறது. விற்றவருக்குப் போன் செய்தால், "டேப் சுத்திக்கோங்க சார்" என்கிறார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் ஹோஸ் அது! அங்கே இடைவெளி இருந்தால் வடிகட்டாத தூசி நேராக டர்போவுக்குள் போகும். செங்கோட்டையில் மூன்று கடை ஏறி, போல்ட் வைத்த கிளிப் ஒன்று வாங்கினேன், 45 ரூபாய். மாட்டியதும் ஹோஸ் அசையவே இல்லை. அப்போது வந்த நிம்மதி இருக்கிறதே!

இன்னொன்று. கோனை மூன்று வாரம் ஓட்டினேன், ஞாபகம் இருக்கும். அது எண்ணெய் பூசிய காட்டன் ஃபில்டர். கழற்றியதும் ஹோஸுக்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தேன். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி கல்தூசி, கூடவே எண்ணெய்ப் பிசுக்கு. அந்தப் பிசுக்கு மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் படிந்தால் காற்றின் அளவையே தப்பாகக் காட்டும். எம்-சாண்ட் லாரி இரவு பகலாக ஓடும் இந்த ரோட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கடைசியாகக் கம்பெனி பாக்ஸில் புதுப் பேப்பர் ஃபில்டர் போட்டு ஏறினேன். நான் முன்னே சொன்ன 38 டிகிரி இதில் வந்ததுதான். இந்த வண்டி ஏற்கெனவே மட்கார்டு பக்கத்திலிருந்துதான் காற்றை எடுக்கிறது. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அந்தக் கிட்டுக்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

கிட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். பேப்பர் ஃபில்டர் வண்டியிலேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை திறந்து பார்க்கப் போகிறேன், அடுத்த தடவை உங்களுக்கும் காட்டுகிறேன்.