சான்றிதழுக்குப் பிறகு தொடங்கும் படிப்பு

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பதினோரு ஆண்டுகளாகப் பிரசவத் துணையாளராக இருந்து வருகிறேன். டூலா என்று இன்று பலரும் சொல்லும் பணி இது. டூலா மருத்துவர் அல்லர், செவிலியரும் அல்லர், ஊரில் நாம் அறிந்த மருத்துவச்சியும் அல்லர். வலி எடுத்த நேரம் முதல் கூடவே இருந்து, இடுப்பை அழுத்திப் பிடித்து, மூச்சை நிதானப்படுத்தி, பயத்தைப் பேசித் தணிப்பதும், பிள்ளை பிறந்த பிறகு சில வாரங்கள் வீடு தேடி வந்து தாயையும் சேயையும் கவனிப்பதுமே அவர் வேலை.

பிரசவ நேரம் முழுவதும் ஒருவர் துணையிருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, அறுவைச் சிகிச்சை குறைகிறது, வலி நேரம் சற்றுச் சுருங்குகிறது என்பதை 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை காட்டியது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனமும், தாய் விரும்பும் ஒருவர் துணையிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆனால் இத்தனை பயனுள்ள பணிக்கு நம் நாட்டில் சட்டப்படியான உரிமம் ஏதும் இல்லை. சில நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். அந்தத் தாளை வாங்கிய பிறகு நாம் என்ன படிக்கிறோம் என்பதில்தான் தாயின் பாதுகாப்பு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை எனக்குக் கற்பித்தது ஒரு பிழை. தலைச்சன் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணை ஐந்தாம் நாள் பார்க்கப் போயிருந்தேன். தலை வலிக்கிறது என்றாள். தூக்கம் கெட்டதால் வந்திருக்கும் என்றார் அவள் மாமியார். நானும் ஆமோதித்து, பகலில் பிள்ளையோடு சேர்ந்து தூங்கச் சொல்லிவிட்டு வந்தேன். அன்று இரவு அவளுக்குக் கண் மங்கியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. வலிப்பு வருவதற்குள் மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்கள். கர்ப்ப காலத்தில் அழுத்தம் சரியாக இருந்தவளுக்கும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை அது ஏறக்கூடும் என்பதை நான் அதற்கு முன் அறிந்திருக்கவில்லை. என் பயிற்சி முழுவதும் பிரசவ அறையைச் சுற்றியே இருந்தது. பச்சை உடம்புக்காரி தலைவலி என்றாலோ, கண் மங்குகிறது என்றாலோ, காய்ச்சல் என்றாலோ, ஒரு மணி நேரத்துக்குள் இரத்தப்போக்கில் துணி முழுதும் நனைகிறது என்றாலோ ஆறுதல் சொல்லிக்கொண்டிராமல் 108ஐ அழைக்க வேண்டும் என்பதை அந்தக் குடும்பத்தின் தவிப்பில்தான் கற்றேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்க மத்திய அரசு 2016இல் வகுத்த நெறிமுறை, பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உறவுக்காரப் பெண்ணையே மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. ஆகவே எங்களைப் போன்றோர் பல நேரம் வாசலோடு நிற்க வேண்டியிருக்கும். இதைக் குறையாக எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். எட்டாம் மாதத்திலேயே அந்த வீட்டுக்குப் போய், உள்ளே போகவிருக்கும் அம்மாவையோ அக்காவையோ தயார்செய்வதே இப்போது என் வேலையில் பாதி. சமையலறைச் சுவரில் நான் கைகளை ஊன்றிக் குனிந்து நிற்பேன். அந்த அம்மா தம் உள்ளங்கையின் அடிப்பகுதியால் என் இடுப்பெலும்பின் மேல் அழுத்துவார். இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் பலமாக, வலி அடங்கும் வரை கையை எடுக்காமல் என்று என் முதுகில் உணர்ந்தபடியே சொல்லுவேன். பிறருக்குக் கற்பிக்கத் தெரிவது தனியொரு கலை. எந்தச் சான்றிதழ் வகுப்பிலும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

பெங்களூரில் மொழியும் இந்தப் படிப்பில் சேரும். கன்னடத்தில் வலிக்கு நோவு என்று பெயர். நம் பாட்டிமார் சொன்ன அதே சொல். ஆனால் "எஷ்டு ஹொத்திந்த நோவு?" என்று செவிலியர் அவசரமாகக் கேட்கும்போது, எவ்வளவு நேரமாக என்பது புரியாமல் நம் பெண்கள் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். வலி தொடங்கிய மணி, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, பனிக்குடம் உடைந்த நேரம், நீரின் நிறம் ஆகியவற்றைக் கன்னடத்தில் சொல்லிப் பழக வேண்டும். கர்நாடகத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் பதிவு அட்டையான தாயி கார்டோடு ஒரு துண்டுத்தாளில் எழுதியும் வைக்க வேண்டும். நீர் பச்சையாக இருந்தால் அதையே முதலில் சொல்ல வேண்டும்.

பிள்ளை பிறந்ததும் வருவது சேனை வைக்கும் பேச்சு. சர்க்கரைத் தண்ணீரோ தேனோ குடும்பத்துப் பெரியவர் தொட்டு வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்ற நம்பிக்கையை எதிர்த்து நின்றால் நம்மை அடுத்த முறை வீட்டுக்குள் விடமாட்டார்கள். விட்டுக்கொடுத்தால் பிள்ளைக்குத் தொற்று வரலாம், சீம்பாலும் தள்ளிப்போகும். ஆகவே அந்தப் பெரியவரிடம் முன்கூட்டியே பேசி, முதல் மணி நேரத்துக்குள் பிள்ளையைத் தாயின் மார்பில் அணைத்து வைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுக்கச் சொல்லுகிறேன். மரியாதை அவருக்கு, சீம்பால் பிள்ளைக்கு.

அல்சூரில் ஒரு தோழியின் வீட்டில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழு பேர் கூடுகிறோம். தாயின் பெயரைச் சொல்லாமல், அந்த மாதம் பார்த்த ஒவ்வொரு பிரசவத்தையும் முதலிலிருந்து விவரித்து, எந்த இடத்தில் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று பேசுகிறோம். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் வந்து திருத்துகிறார். போன மாதம் பச்சிளங்குழந்தையின் மூச்சை எண்ணப் பழகினோம். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கக் கூடாது, ஏனெனில் அந்த வயதில் மூச்சு ஒரே சீராக ஓடாது என்றார் அவர். குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, கடிகாரத்தில் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடியும் எண்ண வேண்டும். இரண்டாம் முறையும் அப்படியே இருந்தால் பிள்ளையைத் தாயின் மார்போடு அணைத்துச் சூடு குறையாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எங்களில் மூவர், பத்தாண்டு அனுபவம் உள்ளவர்கள், அன்றுதான் முதன்முதலாக முழு நிமிடம் எண்ணினோம்.