பிளவின் பக்கம் நின்று பேசுகிறேன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'உலகம் மின்சாரத்துக்கு நம்ப வேண்டியது அணுக்கருப் பிளவையா, இணைவையா?' என்பது தலைப்பு. கனமான அணுக்கருவை உடைத்து ஆற்றல் எடுப்பது பிளவு, லேசான கருக்களைச் சேர்த்து எடுப்பது இணைவு. நான் பிளவின் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், சூரியனே இணைவில்தான் எரிகிறது, அதைப் பூமிக்குக் கொண்டுவருவோம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். சரி, அந்தச் சூரியனையே எடுத்துக்கொள்வோம்.

சூரியனின் மையத்தில் ஒரு கன மீட்டர் இடத்தில் பிறக்கிற வெப்பம் 300 வாட்கூட வராது. பழைய 100 வாட் குண்டு பல்பு மூன்றை எரிக்கவே போதாது! சூரியன் அப்படி ஜொலிப்பது அதன் பிரம்மாண்டத்தால்தான். அந்தப் பிரம்மாண்டமும் அது தருகிற ஈர்ப்பு அழுத்தமும் நமக்கு இல்லை. அதனால்தான் சூரியன் 1.5 கோடி டிகிரியில் செய்கிற வேலைக்கு நமக்கு 15 கோடி டிகிரி வேண்டியிருக்கிறது, அந்தச் சூட்டை எந்தப் பாத்திரமும் தாங்காது என்பதால் காந்தப்புலத்துக்குள் அந்தரத்தில் பிடித்து நிறுத்தவும் வேண்டியிருக்கிறது.

இயற்கையே இணைவைத்தான் தேர்ந்தெடுத்தது என்றும் சொன்னார். ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ என்று ஒரு இடம். அங்கே சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பு யுரேனியப் படிவுக்குள் நிலத்தடி நீர் ஊறியது, யுரேனியத்தைப் பிளக்கிற நியூட்ரான் துகள்களின் வேகத்தை அந்த நீர் குறைத்தது, வேகம் குறைந்தால் அவை எளிதாகப் பிளக்கும், மனிதன் என்று ஒருவன் தோன்றும் முன்பே அணு உலை தானாக ஓட ஆரம்பித்தது. சூடேறித் தண்ணீர் ஆவியானால் வினை நின்றுவிடும், மறுபடி நீர் ஊறினால் தொடங்கும். 1972-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் சிலிர்க்கும்.

அப்புறம், காலம். 1938 டிசம்பரில் ஹானும் ஸ்ட்ராஸ்மானும் யுரேனியம் பிளவுபட்டதற்கான தடயத்தைக் கண்டார்கள், நடந்தது என்ன என்று லீஸ் மைட்னரும் ஃபிரிஷும் விளக்கினார்கள். நான்கே ஆண்டுகளில் சிகாகோவில் ஃபெர்மியின் உலை ஓடியது. 1951-ல் ஐடஹோவில் ஒரு சின்ன உலை நான்கு பல்புகளை எரித்தது. 1954-ல் சோவியத் நாட்டின் ஒப்னின்ஸ்க் நிலையம் மின்கட்டமைப்புக்கே மின்சாரம் கொடுத்துவிட்டது. இணைவிலோ, 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். பெரிய சாதனை, நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்த லேசரை இயக்க மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். பிரான்சில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஐடெர் உலை முடிந்தாலும்கூட அதிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் வெளியே வராது, ஏனென்றால் அது சோதனை உலை.

ஆபத்து இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. செர்னோபிலையும் ஃபுகுஷிமாவையும் நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஃபுகுஷிமாவில் நடந்ததைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: நிலநடுக்கம் வந்ததுமே ஓடிக்கொண்டிருந்த உலைகளில் தொடர்வினை நின்றுவிட்டது. நின்ற பிறகும் எரிபொருளில் மிச்சமிருந்த கதிரியக்கம் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருந்தது, அதைத் தணிக்கத் தண்ணீர் இறைக்க வேண்டிய ஜெனரேட்டர்களைச் சுனாமி மூழ்கடித்தது. ஜெனரேட்டரை உயரத்தில் வைக்கலாம், மின்சாரமே இல்லாமல் தானாகக் குளிரும்படி உலையை வடிவமைக்கலாம். தவறு எங்கே என்று தெரிந்தால் திருத்தலாம், திருத்தியும் வருகிறார்கள்.

கடைசியாக எரிபொருள். கடல்நீரில் அள்ள அள்ளக் குறையாது என்றார் நண்பர். இணைவு உலைக்கு வேண்டிய இரண்டு கனமான ஹைட்ரஜன் வகைகளில் ஒன்றான டியூட்டீரியத்துக்கு அது சரி. அதோடு சேர வேண்டிய மற்றொன்று, டிரிட்டியம்? 12 ஆண்டுகளில் பாதி அழிந்துவிடுகிற பொருள் அது. 1000 மெகாவாட் இணைவு நிலையம் ஒன்று ஓராண்டு முழுக்க ஓடினால் 50 கிலோவுக்கு மேல் தின்னும், ஆனால் உலகத்தின் அணுமின் உலைகள் சேர்த்து வைத்திருக்கும் மொத்த இருப்பே சில பத்து கிலோதான். அந்த இருப்பும் பெரும்பாலும் கனநீர் உலைகளில் கிடைத்தது, அதாவது எங்கள் பிளவு உலைகளில்! லித்தியத்திலிருந்து உலைக்குள்ளேயே தயாரித்துக்கொள்வோம் என்கிறார்கள், ஓடுகிற நிலையம் எதிலும் அதை இன்னும் செய்து காட்டவில்லை. அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழி வேறு எதற்குப் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, முதல் இணைவு நிலையத்துக்கு முதல் கிலோ டிரிட்டியத்தை யார் கொடுப்பார்கள் என்று மட்டும் இந்த அவைக்குச் சொல்லட்டும், நடுவர் அவர்களே.