கேத்தலும் கரண்டகமும்: கொழும்புத் தண்ணீரில் மீனும் கீரையும்

வணக்கம் நேயர்களே. நான் முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இன்னும் சில நிமிடங்களில் 23 மீன்களை ஒரே இரவில் கொன்ற கதையைச் சொல்லப்போகிறேன். இரசாயனம் தெரியாத ஆள் செய்த வேலை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாதல்லவா, அதற்காகத்தான்.

மீனையும் கீரையையும் ஒரே தண்ணீரில் வளர்ப்பதை அக்குவாபொனிக்ஸ் என்கிறார்கள். வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் இருப்பது 600 லீட்டர்த் தொட்டி. அதில் திலாப்பியா. சிறு மோட்டார் ஒன்று தண்ணீரைச் சல்லி நிரப்பிய தட்டுக்கு ஏற்றும். சல்லியில் கங்குனும் பொன்னாங்காணியும் நிற்கும். தண்ணீர் வடிந்து மறுபடி மீனிடமே போகும். பார்த்தால் அவ்வளவுதான்.

பார்வைக்குத் தெரியாத ஆட்கள் சல்லியில் குடியிருக்கிறார்கள். மீன் வெளிவிடுவது அமோனியா, அது மீனுக்கே நஞ்சு. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்கும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கும், அது கீரைக்குச் சாப்பாடு. பெயர்கள் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும், குணம் ஒன்றல்ல. பரீட்சையில் இந்த இரண்டையும் மாற்றி எழுதிய பிள்ளைகளின் தொகையைச் சொன்னால் நேரம் போய்விடும்.

இந்தப் பற்றீரியாக்கள் குடியேற நம்முடைய வெக்கையில் நான்கு கிழமையாவது வேண்டும், ஆறும் ஆகலாம். மீன் இல்லாத தொட்டியில் தினமும் சிறிது மீன் சாப்பாட்டைப் போட்டு அழுகவிட்டால் முதலில் அமோனியா ஏறும், அது இறங்க நைத்திரைற்று ஏறும், பிறகு இரண்டும் பூச்சியமாகும். அதுவரை மீனை விடாதீர்கள். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் பெட்டி வண்ணமீன் கடைகளில் கிடைக்கும். அவசரப்படுகிறவர்கள், நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு வாளி ஈரச் சல்லி கேட்டு வாங்கிப் போடலாம். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி.

சரி, இனி கேத்தலுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணிக்குக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாக ஒரு படை பிடித்திருக்கும், கரண்டியால் சுரண்ட வேண்டும். சுண்ணக்கல்லுக்குள் ஊறி வந்த கிணற்றுத் தண்ணீர் அது. சவர்க்காரமும் இலேசில் நுரைக்காது. கொழும்பில் அப்படியில்லை. களனி ஆற்றில் அம்பத்தலையில் எடுப்பதும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருவதும் மழைக்காட்டுப் பக்கத்துத் தண்ணீர். மென்மையானது. கேத்தல் வருடக்கணக்கில் பளிச்சென்று இருக்கும். ஊரிலிருந்து வந்த புதிதில் தலை முழுகினால் நுரை போகவே போகாது என்று என் மனைவி முறைப்பட்டாள்.

கேத்தலுக்கு நல்லதாய் இருப்பது தொட்டிக்கு நல்லதல்ல. பற்றீரியா அமோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகும். அந்த அமிலத்தை விழுங்கத் தண்ணீரில், சுண்ணக்கல்லிலிருந்து கரைந்து வரும் காபனேற்று இருக்கவேண்டும். அமோனியாவிலுள்ள 1 கிராம் நைதரசனுக்கு, சுண்ணக்கல் கணக்கில், 7 கிராமுக்குச் சற்று மேல் செலவாகும். யாழ்ப்பாணத்துத் தண்ணீர் வங்கியில் பணம் போட்டு வைத்த மாதிரி. கொழும்புத் தண்ணீர் அன்றாடம் உழைத்து அன்றாடம் சாப்பிடுவது. கையிருப்பு தீர்ந்த அன்று பீஎச் சறுக்கும். பீஎச் என்பது தண்ணீரின் புளிப்பைக் காட்டும் எண், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ஆறுக்கு வந்தால் பற்றீரியாக்கள் ஏறக்குறைய வேலைநிறுத்தம்தான்.

எனக்கு அதுதான் நடந்தது. மூன்று மாதம் எல்லாம் அழகாக ஓடியது. நான் சோதிப்பதைக் கைவிட்டிருந்தேன். ஒருநாள் மீன்கள் சாப்பாட்டைத் தொடவில்லை. பார்த்தால் பீஎச் 6. அமோனியா, சோதனைப் பெட்டியின் நிற அட்டையில் கடைசிக் கடும்பச்சை, லீட்டருக்கு 8 மில்லிகிராம். ஆனால் மீன் ஒன்றும் சாகவில்லை. ஏன் சாகவில்லை என்று நான் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. பீஎச் குறைந்துவிட்டது, ஏற்றவேண்டும், ஏற்றச் சுண்ணாம்பு வேண்டும் என்று மட்டும் மூளை ஓடியது. ஞாயிறு பின்னேரம், கடை பூட்டு. மாமியின் வெற்றிலைத் தட்டில் சுண்ணாம்பு வைக்கும் பித்தளைக் கரண்டகம் இருந்தது. அன்றுதான் நிரப்பியிருந்தார்.

"தம்பி, மீனுக்கும் வெத்திலை குடுக்கப் போறியளோ?" என்று கேட்டார் மாமி.

சிரித்துக்கொண்டு கரண்டகம் முழுவதையும் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து மடமடவென்று ஊற்றினேன். பால் மாதிரிக் கலங்கித் தெளிந்தது. அரை மணித்தியாலத்தில் பீஎச் 9. விடிய மாடிக்குப் போனபோது காகங்கள் எனக்கு முந்திவிட்டன.

நடந்தது இதுதான். அமோனியா தண்ணீரில் இரண்டு வேடத்தில் இருக்கும். பீஎச் குறைவாக இருந்தால் அது அமோனியம், மீனை அதிகம் தொந்தரவு செய்யாது. பீஎச் ஏற ஏற வேடம் மாறும். 28 பாகைத் தண்ணீரில், பீஎச் 7 என்றால் நூற்றுக்கு ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இல்லை. 8 என்றால் ஏறத்தாழ ஏழு பங்கு. 9 என்றால் நாற்பது. அட்டையில் நிறம் மாறாது, எட்டு எட்டாகவே நிற்கும், ஆனால் அது வேறு எட்டு. என் மீன்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததே அந்த அமிலம்தான். அதைத்தான் நான் அவசரமாகத் துடைத்தேன். மாமி அதற்குப் பிறகு கரண்டகத்தைத் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டார்.

ஆகவே ஒழுங்கைக் கவனியுங்கள். பீஎச் குறைந்து அமோனியா ஏறியிருந்தால், முதலில் சாப்பாட்டை நிறுத்துங்கள். அடுத்து, தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், வாய் அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். அமோனியா இறங்கிய பிறகுதான் சுண்ணாம்பு. அதுவும் ஒரு நாளைக்கு பீஎச் 0.2க்கு மேல் ஏறாதபடி, கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக. மறுபடியும் சொல்கிறேன், அமோனியா முதலில், பீஎச் பிறகு.

இப்போது நான் சுண்ணாம்பைத் தொடுவதே இல்லை. கழுவிய சிப்பி ஓட்டையும் நொறுக்கிய முட்டைக்கோதையும் வலைப்பையில் கட்டித் தண்ணீர் விழும் இடத்தில் போட்டிருக்கிறேன். தண்ணீர் புளிக்கும்போது அது கரையும், புளிப்பு அடங்கினால் கரைவது குறைந்துவிடும். அவசரப்படத் தெரியாத பொருள். பீஎச் 6.8க்கும் 7க்கும் இடையில் நின்றால் மீன், பற்றீரியா, கீரை மூன்றுக்கும் ஒத்துப்போகும். யாழ்ப்பாணத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குப் பிரச்சினை நேரெதிர், பீஎச் எட்டுக்குக் கிட்ட ஏறி நின்றுகொண்டு இறங்காது. சல்லியில் இரண்டு சொட்டு வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணக்கல், தட்டில் போடாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். இரும்புச்சத்தைப் பற்றி விரிவாகப் பேச வந்தேன், கேத்தலும் மாமியும் நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். சுருக்கமாக இரண்டு விஷயம். நைத்திரைற்று ஏறி மீன் மேலே வந்து வாயைத் திறந்தால், லீட்டருக்கு 1 கிராம் கல்லுப்புக் கரைத்து விடுங்கள், மூச்சு வாங்க அவகாசம் கிடைக்கும். கீரையின் குருத்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு போதாது. துருப்பிடித்த ஆணியைப் போடாதீர்கள், துரு இந்தத் தண்ணீரில் கரையாது. விவசாய மருந்துக் கடையில் கீலேற்று இரும்பு, அதாவது தண்ணீரில் கரைந்தே நிற்கும் இரும்பு, என்று கேளுங்கள், செந்நிறத் தூளாக இருக்கும், அதில் எவ்வளவு போடுவதென்றால்... இல்லை, விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.