ஜூனில் சொன்னது என் தப்பு

எல்லோருக்கும் வணக்கமுங்க. "பள்ளிக்கூடத்தை ஏன் மூடினீங்க?" என்று கேட்டுத்தான் என்னை ஈரோட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். காசு பத்தவில்லை என்றால் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். காசு முதல் நாளே பத்தவில்லை. பத்தாமலேதான் பன்னிரண்டு வருசம் ஓடியது.

2001-இல், காங்கேயம் பக்கம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்து ஓரமாக, கிளுவை வேலிக்குள் ஒரு கீற்றுக் கொட்டகை. அதுதான் பள்ளி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள் கருகிப்போனார்கள். நம் கொட்டகையும் கீற்றுதானே என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அதிகாரி வரும் முன்பே பிரித்துவிட்டோம். சரி, கான்கிரீட் போடக் கடன். கடனை அடைக்கக் கட்டணம். கட்டணம் கட்டியவர் "நாமக்கல்லில் படிக்கிற பையன் இந்நேரம் பத்தாவது பாடத்தையே முடிச்சிருப்பான்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கீகாரமில்லாமல் நடத்தினால் ஒரு லட்சம் வரை அபராதம், அதற்கப்புறமும் நடத்தினால் நாளுக்குப் பத்தாயிரம். கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் என்று சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பெண் தூக்கணாங்குருவிக் கூட்டைக் கொண்டுவந்து, "ஐயா, இதுக்குள்ள எதுக்குக் களிமண்ணை அப்பி வெச்சிருக்குது?" என்றாள். "அப்புறம் பாக்கலாம் கண்ணு" என்றேன். இந்தக் கேள்விக்காகத்தானே பள்ளியே ஆரம்பித்தது! அவள் திரும்பக் கேட்கவே இல்லை.

ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் தன் ஊரில் 1859-இல் நடத்தத் தொடங்கிய பள்ளியை 1862-இல் மூடினார். போலீஸ் சோதனை போட்டதுதான் காரணம் என்பார்கள். அதே வருசம் அவருக்குக் கல்யாணமும் ஆனது. எனக்கென்னவோ, போலீஸ் வருவதற்கு முன்பே அவர் மனசு பள்ளியை விட்டு வெளியே போயிருக்கும் என்றுதான் படுகிறது. என் மனசு போயிருந்ததால் அப்படிச் சொல்கிறேனோ என்னவோ.

நீல் என்ற ஆசிரியர் 1921-இல் ஜெர்மனியில் தொடங்கி, பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன சம்மர்ஹில் பள்ளி இன்னும் நடக்கிறது. 1973-இல் அவர் இறந்ததும் மனைவி நடத்தினார், பிறகு மகள். என் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கூட இருந்த ஆசிரியர்களிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கலாம். ஆனால் எல்லா முடிவையும் நானே எடுத்துப் பழகியவன். அவர்களும் என் முகத்தைப் பார்த்தே பழகிவிட்டார்கள்.

மூடுவதென்றால் ஏப்ரலிலேயே சொல்லிவிடுங்கள். நான் 2013 ஜூனில் சொன்னேன். எட்டாவது போகவேண்டிய ஆறு பிள்ளைகளுக்கு இடம் தேடி ஒரு மாசம் அலைந்தோம். அந்தத் தாய்மாரில் இரண்டு பேர் சந்தையில் எதிரே வந்தால் இன்னும் என்னோடு பேசுவதில்லை.