முழங்கால் வீங்கினால் தொப்புளைப் பாருங்கள்

வணக்கம். இன்னும் வெயில் ஏறவில்லை, கட்டுத்தரையில் பல்பு வெளிச்சத்தில்தான் எடுக்கிறேன், வீடியோ கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு நம் செவலை மாடு கன்று போட்டுவிட்டது. கிடாரி, பெண் கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி வேறு. முகத்தை அப்புறம் காட்டுகிறேன், முதலில் வயிற்றுக்குக் கீழே பாருங்கள்.

இதோ, நாலு விரல் நீளத்துக்குத் தொங்குகிறதே, இதுதான் தொப்புள்கொடி. ராத்திரி பார்த்தபோது நுங்குத் தோலை உரித்த மாதிரி வழவழவென்று ஈரமாக இருந்தது. இப்போது அயோடின் பட்ட இடமெல்லாம் பழுப்பேறி, நுனி சுருங்க ஆரம்பித்திருக்கிறது. ஒன்றிரண்டு நாளில் காய்ந்த கயிறு மாதிரி ஆகிவிட வேண்டும், அப்புறம் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக உதிர்ந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு கிட்டத்தில் காட்டுகிறேன் என்றால், போன வருஷம் ஐப்பசி மழையில் பிறந்த ஒரு காளைக்கன்றை நான் இப்படிக் கவனிக்கவில்லை. பிறந்த அன்று பாட்டிலைச் சாய்த்து மேலோட்டமாக நாலு சொட்டு விட்டேன், அவ்வளவுதான். எட்டாம் நாள் முன்னங்கால் முட்டி வீங்கி நொண்டியது. தாய் மாடு மிதித்திருக்கும் என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டோம். அடுத்த நாள் இன்னொரு காலும் வீங்கியது. டாக்டர் வந்து காலைத் தொடவே இல்லை, நேராகக் கன்றைப் படுக்கவைத்துத் தொப்புளை அழுத்தினார், சீழ் வந்தது. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கன்று பிழைத்துக்கொண்டது, ஆனால் முட்டி கடைசி வரை சரியாக மடங்கவில்லை.

தொப்புளில் வந்த வினை எப்படி முட்டிக்குப் போகிறது? அன்றைக்கு டாக்டர் சொன்னதைச் சொல்கிறேன். இந்தக் கொடிக்குள் ஒரு சிரைக் குழாய், இரண்டு தமனி, சிறுநீர்ப்பைக்குப் போகிற ஒரு குழாய், மொத்தம் நாலு. கொடி அறுந்ததும் தமனி இரண்டும் ரப்பர் மாதிரி உள்ளே இழுத்துக்கொள்ளும். சிரை அப்படி இல்லை, அது நேராக ஈரலுக்குப் போகிற பாதை. கொடி ஈரமாக இருக்கிற வரைக்கும் கதவு திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். கீழே சாணி, மூத்திரம், நனைந்த வைக்கோல். அதில் இருக்கிற கிருமி இந்த வழியாக ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டால் மூட்டில் போய் உட்காரும், சில கன்றுக்கு மூளைக்கும் கண்ணுக்கும்கூடப் போகும். வெளியே தொப்புள் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே சீழ் கட்டியிருக்கும், அதுவும் உண்டு.

சரி, நான் என்ன செய்கிறேன் என்று காட்டுகிறேன். இது இருமல் மருந்து பாட்டிலோடு வருகிற பிளாஸ்டிக் மூடி, வெந்நீரில் கழுவியது. இதில் பாதிக்கு டிஞ்சர் அயோடின் ஊற்றி, கொடி முழுக்க உள்ளே போகிற மாதிரி மூடியை வயிற்றோடு ஒட்டிப் பிடித்து... நில்லு கண்ணு, நில்லு... முப்பது எண்ணுகிற வரைக்கும். மேலே தெளித்தால் ஒரு பக்கம்தான் நனையும், முக்கி எடுக்க வேண்டும். மூடியில் மிச்சம் இருப்பதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள். வெளிநாட்டுப் பண்ணைகளில் 7 சதவீத அயோடின் வைத்திருப்பார்கள், நம் ஊர் மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைப்பது அதைவிட வீரியம் குறைந்தது, அதனால் நான் ஒரு தடவையோடு விடுவதில்லை, கொடி காய்கிற வரை காலை ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். பால் கறந்தபின் காம்பு முக்குகிற மருந்து வீட்டில் இருக்கிறதே என்று அதை எடுக்க வேண்டாம், அது தோலை மெத்தென்று வைக்கிறதுக்குச் செய்தது, நமக்கு இங்கே காய வேண்டும்.

கொடி தானாக அறுந்து ரத்தம் வராமல் இருந்தால் நான் கத்தியே எடுப்பதில்லை. தரையில் புரளுகிற அளவுக்கு நீளமாக இருந்தால் மட்டும், வயிற்றிலிருந்து இரண்டு விரல்கடை விட்டு, அயோடினில் ஊறிய நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே புது பிளேடால் வெட்டுவேன். சாம்பல் பூசுவது, சாணி பூசுவது, அதெல்லாம் வேண்டாம்.

அடுத்தது சீம்பால். இதில் எங்கள் அத்தைக்கும் எனக்கும் வருஷக்கணக்காகச் சண்டை. நஞ்சுக்கொடி விழாமல் மடியைத் தொடக்கூடாது என்பார்கள். நஞ்சு விழ எட்டு மணி நேரமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். கன்றுக்கோ பிறக்கும்போது எதிர்ப்புச் சக்தியே கிடையாது, மாட்டுக்கு வயிற்றில் இருக்கும்போது அது கன்றுக்குப் போகாது, சீம்பால் வழியாகத்தான் போக வேண்டும். அதை உள்ளே வாங்குகிற குடலும் நேரம் ஆக ஆக மூடிக்கொண்டே வந்து ஒரு நாளில் அநேகமாக மூடிவிடும். கன்று 25 கிலோ என்றால் முதல் நாளைக்கு இரண்டரை லிட்டர், அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். ராத்திரி அத்தை தூங்கிய பிறகு ஊட்டிவிட்டேன், அதனால் சண்டை இல்லை! கன்று ஊட்டினால் நஞ்சு சீக்கிரம் விழவும் உதவும், அதை அவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இனி பத்து நாளைக்குத் தினமும் காலையில் கையால் தொட்டுப் பார்ப்பேன். பார்த்தால் போதாது, மயிருக்குள் தெரியாது. கொடி பென்சில் தடிமனுக்கு இருக்கலாம். கட்டைவிரலை விடத் தடித்து, சூடாக, தொட்டால் கன்று முதுகைக் கூனிக்கொண்டு உதைத்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள், 1962-க்கு போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். காய்ச்சல் பார்க்கிற கருவி பத்து இருபது மாடு வைத்திருப்பவர்களுக்குத்தான் என்று நினைக்காதீர்கள், ஒரு மாட்டுக்காரருக்கும் வேண்டும், 103 டிகிரியைத் தாண்டினால் காய்ச்சல். ஊசி பெனிசிலினோ வேறோ, எத்தனை மில்லி என்பதை டாக்டர் எடை பார்த்துச் சொல்லட்டும், ஆனால் இரண்டு நாளில் கன்று துள்ள ஆரம்பித்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள், பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள் போடச் சொல்வார்கள், மூட்டுக்குப் போய்விட்டால் இன்னும் நீளும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், வீக்கத்தைப் பார்த்ததும் சீழ் என்று பிளேடால் கீறாதீர்கள். மெத்தென்று வலியில்லாமல், அழுத்தினால் உள்ளே போய் ஒரு ஓட்டை விரலுக்குத் தட்டுப்பட்டால் அது குடலிறக்கமாக இருக்கலாம். கீறினால் வெளியே வருவது குடல்.

மழைக்காலத்தில் ஈ உட்கார்ந்து புழு வைப்பது தனி ரோதனை. சின்ன ஓட்டைதான் தெரியும், உள்ளே கொத்தாக நெளியும். கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய் விட்டால் மேலே வரும், ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுக்க வேண்டும், ஒன்று விட்டாலும் மறுபடி நோண்டும். ஆழமாக இருந்தால் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

படுக்கைக்குக் காய்ந்த வைக்கோல், தினமும் மாற்றியாக வேண்டும். பக்கத்துக் கன்று இதன் தொப்புளைச் சப்பும், அதனால் தனியாகக் கட்டியிருக்கிறேன்.

இருங்கள், அத்தை சத்தம் போடுகிறார்கள். நஞ்சு விழுந்துவிட்டது போல, சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட வேண்டும், அதற்குள் நாய் இழுக்கிறதாம். சாயங்காலம் இன்றைய இரண்டாவது முக்கலுக்கு வருகிறேன்.