பவானி ஜமக்காளத்தில் கடலை நெய்வது

(ஈரோட்டில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. கடலைப் பற்றிப் பேச ஈரோட்டில் கூட்டமா என்று வாசலிலேயே ஒருத்தர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான், நம்ம ஊரில் கடலைப் பார்க்காமலே பேரன் பேத்தி எடுத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றனவே, அந்தக் காற்று அரபிக்கடலிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு இருக்கிற அந்த இடைவெளி இல்லையென்றால் ஆடிக்காற்று நமக்கு வெறும் பழமொழியாகத்தான் இருந்திருக்கும். சிறுவாணியும் ஆழியாறும் பவானிசாகரும் பெரிதும் அந்தக் கடல் எழுப்பிய மேகத்தால் நிரம்புகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மானாவாரிக் காட்டில் விழுகிற மழை வங்காள விரிகுடா கொடுத்தது. இரண்டு கடல் நம்மை நனைக்கின்றன, நாம் ஒன்றைக்கூட எட்டிப் பார்ப்பதில்லை.

சரி, கடலுக்கு இப்போது என்ன ஆகிறது? நாம் எரிக்கிற நிலக்கரி, பெட்ரோல், டீசல் புகையால் பூமியில் கூடுதலாகத் தங்கிவிடுகிற வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போகிறது. நாம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால்வாசியையும் அதுதான் விழுங்குகிறது. தண்ணீர் அவ்வளவு சூட்டைத் தாங்கும், கடலின் மேல்மட்டத்து மூன்று மீட்டர் தண்ணீர் மட்டுமே உலகத்துக் காற்று மொத்தமும் பிடித்து வைக்கிற அளவு வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடும். அதனால்தான் கலை வழியாகச் சொல்லலாம் என்று எல்லாரும் கிளம்புகிறார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். கலை என்றவுடன் பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டி வைப்போம். பிள்ளைகள் கண்ணீர் விடுகிற பூமி உருண்டையை வரைவார்கள், வாயில் தெர்மாமீட்டர், நெற்றியில் பட்டி. பரிசு கொடுத்து போட்டோ எடுத்து அனுப்பிவிடுவோம். அந்தப் பிள்ளைக்குக் கடலைப் பற்றிப் புதிதாக ஒரு விஷயமாவது தெரிந்ததா? தெரிந்திருக்காது. படத்துக்குள் ஒரு அளவு, ஒரு கணக்கு, இயற்கை நடந்துகொள்ளும் முறை ஒன்று இருந்தால்தான் அது பாடம். இல்லையென்றால் அது சுவரொட்டி, அவ்வளவுதான்.

அளவு உள்ளே இருக்கிற கலை எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் கடற்கரையில், தண்ணீரில் ஒரு சிறுமியின் சிலை நிற்கிறது. ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் என்ற சிற்பி செய்தது. பவளத்திட்டில் வைத்த வெப்பமானியின் அளவுப்படி அந்தச் சிலையின் விளக்கு நிறம் மாறும், தண்ணீர் சூடாக ஆக நீலத்திலிருந்து சிவப்புக்கு வரும். பரிதாபப்படச் சொல்லி எதுவும் எழுதி வைக்கவில்லை. மாலை நடைக்கு வருகிறவர் நிறத்தைப் பார்த்தே கடலுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம்.

எனக்கு இன்னும் பிடித்தது குரோஷா, அதாவது கொக்கி ஊசிப் பின்னலில் செய்த பவளப்பாறை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியை, பாடத்தில் வரும் ஒரு வளைந்த பரப்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியவில்லையே என்று 1997இல் அதைக் குரோஷா ஊசியால் பின்னிக் காட்டினார். வரிசைக்கு வரிசை ஒரே விகிதத்தில் பின்னல்களைக் கூட்டிக்கொண்டே போனால் துணி தட்டையாக நிற்காது, அலை அலையாக மடிந்துகொள்ளும். பவளமும் அப்படித்தான் வளர்கிறது, சின்ன இடத்தில் நிறையப் பரப்பு, இரை பிடிக்கத் தோது. 2005இல் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள் இதை வைத்து ஒரு பவளப்பாறையையே பின்ன ஆரம்பிக்க, அப்புறம் பல நாட்டுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். வெளுத்த பவளத்துக்கு வெள்ளை நூல். கோடையில் வழக்கமாகத் தொடும் உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும், பவளம் தன் உடம்புக்குள் குடியிருந்து சோறு போடும் நுண்பாசியைத் துப்பிவிடும், நிறமும் போய்விடும். நம்ம மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் இது நடந்து பவளங்கள் செத்தன. வாசல் தோரணம் பின்னுகிற பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிற நம்ம ஊரில் இதற்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை.

பாட்டிலும் இதே பேச்சுதான். நம்ம கொங்கு நாட்டுக் கும்மியாட்டமான வள்ளி கும்மி ஊரெல்லாம் திரும்ப வந்திருக்கிறது, நல்ல விஷயம். அதில் 'கடலைக் காப்போம்' என்று பாடி முடித்துவிடாமல் எல்நினோவைப் பாடுங்கள். பசிபிக் கடலில் கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிற காற்று தளர்ந்தால், மேற்கே குவிந்திருந்த வெந்நீர் கிழக்கே நகரும், மேகமும் அதன் பின்னால் போகும், பெரும்பாலும் நம்ம தென்மேற்குப் பருவமழை மெலியும். டிவியில் இதோடு நிறுத்திக்கொண்டு வறட்சி என்பார்கள். தமிழ்நாட்டுக்கு அது பாதிக் கதை. எல்நினோ வருடங்களில் நம்ம வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் தூக்கலாக இருக்கும், சென்னை மூழ்கிய 2015 எல்நினோ வருடம்தான். அணைத் தண்ணீரை நம்புகிறவருக்கும் ஐப்பசி மழையை நம்பி விதைக்கிறவருக்கும் ஒரே கடல் வேறு வேறு கணக்கு வைத்திருக்கிறது. கும்மியில் ஒரு குழு கேட்க ஒரு குழு பதில் சொன்னால் இது ஒரு ராத்திரியில் மனப்பாடம் ஆகிவிடும்.

இப்போது நான் கேட்க வந்த விஷயம். இங்கிலாந்தில் எட் ஹாக்கின்ஸ் என்ற வானிலை அறிஞர் 2018இல் ஒரு படம் போட்டார். வருடத்துக்கு ஒரு பட்டை, குளிர்ந்த வருடத்துக்கு நீலம், சூடான வருடத்துக்குச் சிவப்பு, எண்ணும் எழுத்தும் கிடையாது. அதைப் பார்த்ததும் பவானிக்காரர் யாருக்கும் ஒன்று தோன்றும்: இது ஜமக்காளம். கடலின் சூட்டையும் இப்படி நெய்யலாம் என்பதுதான் என் யோசனை. கடல் மேற்பரப்பின் வெப்பக் கணக்கு 1850 முதல் இருக்கிறது. 2024 வரை 175 வருடம், வருடத்துக்கு ஒரு அங்குலம் என்றால் பதினாலரை அடி, பந்தியில் விரிக்கிற நீளம். குறுக்கே ஓடும் ஊடை நூலில் நிறத்தை மாற்றி மாற்றி நெய்கிறவர் முதல் ஐந்தடிக்கு நீலத்தைத்தான் அதிகம் கேட்பார். கடைசி ஓரடியில் நீல நூல் வேண்டியிருக்காது, நூல்கண்டு நூல்கண்டாகச் சிவப்பே தீரும். கடல் சூடானது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும், அவர் கேட்கிற சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஒரு அறிவியல் ஆசிரியர் தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கூலி முழுசாகக் கொடுக்க வேண்டும், விழிப்புணர்வு என்ற பெயரில் நெசவாளியிடம் இலவசம் கேட்கிற வேலை வேண்டாம்.

கடைசியில் ஒரு தம்பி, கடல் எதற்கு, கோயம்புத்தூர் வெயிலையே நெய்யலாமே என்று கேட்டார். இரண்டையும் நெய்து பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாம் என்றேன். தரை வருடத்துக்கு வருடம் துள்ளும், கடல் நிதானமாக ஏறும், அந்த வித்தியாசத்தைக் கேட்டுப் பிள்ளைகள் வந்தால் தண்ணீர் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறுவதை அங்கேயே நின்று பேசலாம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை அறுக்காமல் விட்டு வருடா வருடம் ஜனவரியில் ஒரு அங்குலம் கூட்டலாம் என்று இன்னொருத்தர் சொன்னார், நல்ல யோசனைதான், ஆனால் அதற்கு ஒரு தறி வருடம் முழுக்கச் சும்மா நிற்க வேண்டும், அந்த வருமானத்தை யார் ஈடு கட்டுவது என்று பேச ஆரம்பிப்பதற்குள் மண்டபத்துக்காரர் விளக்கை அணைக்க வந்துவிட்டார்.